கட்டுநாயக்க – சென்னை: 80 நிமிடப் பறப்புக்கு பிசினஸ் கிளாஸ் எடுக்கலாமா?

கல்லடிப் பெடியன் · ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை. சென்னையில் நாள் குறித்தாயிற்று. அடுத்த மாதம் நான், அப்பா, அம்மா மூன்று பேரும் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பறக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. கால் மடிய மறுக்கிறது. கோயில் படி ஏறுவதை விட்டு ஒரு வருடமாகிறது.

கனடாவில் இருக்கும் அக்கா, "காசு நான் அனுப்புகிறேன், அப்பாவை பிசினஸ் கிளாஸில் கூட்டிக்கொண்டு போ" என்கிறார். விலை கேட்டுப் பார்த்தேன். எக்கொனமியின் இரண்டரை மடங்கு! மூன்று பேருக்கும் எடுத்தால் அக்கா அங்கே மயங்கி விழுவார். அப்பாவுக்கு மட்டும் எடுக்கலாமா, அம்மாவுக்கும் சேர்த்தா என்று யோசிக்கிறேன்.

அப்பாவோ விலையைக் கேட்டுவிட்டு, "ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருக்க இவ்வளவு காசா? அதற்கு வளவின் முன்பக்க மதிலைக் கட்டு" என்றார். மதில் கதை எங்கள் வீட்டில் 2004 சுனாமியில் பழைய மதில் போன நாள்தொட்டு நடக்கிறது, அதை விடுங்கள்.

இந்தப் பாதையில் பிசினஸில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அந்தக் கதிரை காலுக்கு உண்மையாகவே சுகமா?

ஏறாவூர் காக்கா · ஞாயிறு, இரவு 9.48

அப்பா சொன்னதுதான் சரி தம்பி. மதிலைக் கட்டுங்கள்.

நான் புடைவை எடுக்க வருடத்தில் நாலைந்து தடவை சென்னை போய்வருகிறவன். பிசினஸில் இரண்டு தடவை இருந்திருக்கிறேன், இரண்டும் சேர்த்து வைத்த மைல்ஸில் (அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமான கம்பனி தரும் புள்ளிகள்). உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். பிளேன் கிளம்பி மேலே ஏற ஒரு 20 நிமிடம், பெல்ட் கழற்ற முடியாது. இறங்குவதற்கு 25 நிமிடம் இருக்கும்போதே கதிரையை நிமிர்த்துங்கள், மேசையை மடியுங்கள் என்று வந்துவிடுவார்கள். நடுவில் மிஞ்சுவது 35 நிமிடம். அதற்குள் சூடான துவாய், ஜூஸ், சாப்பாடு, தேத்தண்ணி என்று எல்லாம் ஓட்டஓட்டமாக வரும், போகும். சாய்க்கும் பட்டன் எது என்று நான் கண்டுபிடித்த நேரம் கீழே சென்னைக் கட்டடங்கள் தெரிந்தன. பாயை விரித்துத் தலையணை போட முன் சேவல் கூவிய கதைதான்.

படுவான்கரையான் · ஞாயிறு, இரவு 10.30

காக்கா 80 நிமிடத்துக்குக் கணக்குப் பார்க்கிறார். மட்டக்களப்பான் சென்னைக்குப் போக எடுக்கும் நேரம் 80 நிமிடமா?

என் கதையைக் கேளுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள், டிக்கட்டும் அவர்களே போட்டார்கள், என்ன காரணமோ பிசினஸ். கொக்கட்டிச்சோலையில் பின்னேரம் 6 மணிக்கு வெளிக்கிட்டேன். மட்டக்களப்பில் இரவு பஸ். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஒவ்வொரு ஊரிலும் கண் விழித்து, விடிய நாலரைக்கு கொழும்பு. அங்கிருந்து 187 பஸ்ஸில் திரும்பவும் வடக்கே கட்டுநாயக்கவுக்கு. விமானம் பத்து மணிக்குப் பிறகு. உடுப்பெல்லாம் கசங்கி, கால் வீங்கி, வாயில் நேற்றைய பஸ் கடை ரோல்ஸின் எண்ணெய்.

பிசினஸ் டிக்கட் இருந்ததால் விமான நிலைய லவுஞ்சுக்குள், அதாவது பிசினஸ்காரருக்கான ஓய்வறைக்குள் விட்டார்கள். துவாயைத் தந்து குளிக்கும் அறையைக் காட்டினார்கள். சுடுதண்ணீரில் குளித்து, சட்டை மாற்றி, முட்டையும் பாணும் சாப்பிட்டு, மூலையில் இருந்த சோபாவில் ஒரு மணித்தியாலம் நித்திரை. பிளேனுக்குள் என்ன சாப்பிடத் தந்தார்கள் என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் குளிப்பு மட்டும் நினைவிருக்கிறது.

கொழும்பில் இருப்பவன் வீட்டில் குளித்து, அம்மா கையால் புட்டுச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். அவனுக்கு லவுஞ்ச் ஒரு பகட்டு. நமக்கு அப்படியில்லை. நமக்கு அந்த டிக்கட்டின் பெறுமதி எல்லாம் தரையில்தான், ஆகாயத்தில் ஒன்றுமில்லை.

ஏறாவூர் காக்கா · ஞாயிறு, இரவு 10.41

குளிப்பதற்கு அவ்வளவு காசா மனே? நீர்கொழும்புப் பக்கம் ஓர் அறை எடுத்தால் குளித்து, கட்டிலில் நீட்டிப் படுத்து, மூன்று பேரும் சுகமாகப் போகலாம். லவுஞ்சுக்குள் கட்டில் இல்லை. செக்-இன் கௌன்டர் திறப்பதும் பெரும்பாலும் மூன்று, நாலு மணித்தியாலத்துக்கு முன்தான். விடிய ஐந்து மணிக்குப் போய் நின்றால் பிசினஸ்காரனும் வாசலில் சூட்கேஸுக்கு மேலேதான் குந்தியிருக்க வேண்டும்.

படுவான்கரையான் · ஞாயிறு, இரவு 10.44

அது உண்மை. நானும் குந்தியிருந்தேன். எழுத மறந்துவிட்டேன்.

டிக்கட் தம்பி · திங்கள், காலை 8.20

கல்முனையில் டிக்கட் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிசினஸ் விற்றால் எனக்குக் கொமிசன் கூட. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் கழித்தே எடுங்கள்.

முதலில் எந்த விமானம் ஓடுகிறது என்று பாருங்கள். ஸ்ரீலங்கனின் ஏ320 நியோ, ஏ321 நியோ என்றால் நடுவில் ஒரே நடைபாதை, பிசினஸில் 12 கதிரைகள், பக்கத்துக்கு இரண்டு இரண்டாக மூன்று வரிசை. எக்கொனமிக் கதிரை சுமார் 18 அங்குல அகலம், இது அதைவிட நன்றாக அகலம். சாயும், காலை நீட்டலாம். ஆனால் கட்டிலாக விரியாது. சில நாட்களில் பெரிய ஏ330 வந்துவிடும், அதில் பெரும்பாலும் முழுக்கவே விரியும். டிக்கட் போடும்போதே விமான வகை திரையில் தெரியும். ஏ330 இருக்கும் நாளைப் பார்த்து எடுத்தால் அதே காசுக்குக் கட்டில். ஆனால் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் யாரையும் கேட்க முடியாது.

ஐரோப்பாவில் குறுந்தூரப் பறப்புகளில் பிசினஸ் என்று விற்பது பெரும்பாலும் அதே எக்கொனமிக் கதிரைதான். நடுக்கதிரையில் ஆளை விடமாட்டார்கள், பின்னால் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் கதிரையே வேறு. அந்த வகையில் நாம் ஏமாறவில்லை.

இவ்வளவு சின்னப் பறப்புக்கு ஏன் பிசினஸ் வைத்திருக்கிறார்கள் என்று நிறையப் பேர் கேட்பார்கள். அது நமக்காக வைத்ததல்ல. சென்னையில் ஏறி, கட்டுநாயக்கவில் மாறி, லண்டனுக்கோ மெல்பேணுக்கோ போகிறவர் முழுப் பயணத்துக்கும் பிசினஸ் காசு கட்டியிருப்பார். அவரை முதல் 80 நிமிடம் பின்னால் இருத்த முடியாது. அவருக்காக வைத்த கதிரையில் மிஞ்சுவதுதான் நமக்கு வரும். அதனால்தான் பல விமான கம்பனிகள், பறப்புக்குச் சில நாட்களுக்கு முன் "இவ்வளவு தந்தால் மேலே ஏற்றலாம், உங்கள் விலையைச் சொல்லுங்கள்" என்று ஏலம் போல மின்னஞ்சல் அனுப்புகின்றன. முழு விலை கொடுக்க முன் அதையும் பார்க்கலாம்.

இப்போது உங்கள் விஷயம். மருத்துவத்துக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கதிரையைப் பற்றியல்ல, திரும்பி வரும் திகதியைப் பற்றி. டொக்டர் "இன்னும் ஒரு கிழமை இருங்கள்" என்று சொன்னால் டிக்கட் மாற வேண்டும். பிசினஸ் என்றாலே திகதி மாற்றம் இலவசம் என்று நினைக்காதீர்கள். பிசினஸுக்குள்ளேயே ஜே, சி, டி, ஐ என்று எழுத்துகள் இருக்கும். மலிவான எழுத்தில் எடுத்தால் மாற்றத்துக்குக் காசு, திருப்பிக் கொடுத்தால் பாதியும் வராமல் போகலாம். அதைவிட மாற்றக்கூடிய எக்கொனமி டிக்கட் எவ்வளவோ மேல்.

அடுத்தது வீல்செயார். எந்த வகுப்பில் போனாலும் அது இலவசம், டிக்கட் போடும்போதே சொல்ல வேண்டும், குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன். மூன்று குறியீடுகள் உண்டு. படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாது என்றால் கடைசி எழுத்து எஸ். கதிரை வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் இருத்த வேண்டும் என்றால் சி. அப்பாவுக்குப் போகும்போது எஸ் போடுங்கள். வெறும் ஆர் போட்டு, சென்னையில் விமானத்தைத் தூரத்தில் நிறுத்திப் படிக்கட்டு வைத்தால் பாடுதான்.

கட்டுநாயக்க வாசலிலிருந்து விமானக் கதவு வரை நடக்கும் தூரம் பிசினஸுக்கும் எக்கொனமிக்கும் ஒன்றே. அந்தத் தூரத்தைக் குறைப்பது வீல்செயார் மட்டும்தான். பரிசோதனையிலும் குடிவரவிலும் பெரும்பாலும் தனி வழியாகக் கொண்டுபோவார்கள், கூட ஒருவரையும் விடுவார்கள். முழங்காலுக்காகத்தான் பிசினஸ் என்றால், பாதி வேலையை வீல்செயார் சும்மாவே செய்துவிடும்.

என் யோசனை: போகும்போது எக்கொனமி. வரும்போது மட்டும் அப்பாவுக்கு பிசினஸ், ஏனென்றால் ஒப்பரேஷன் செய்த காலை மடிக்க முடியாது. ஒரே டிக்கட்டில் போக ஒரு வகுப்பு, வர ஒரு வகுப்பு போடலாம். எக்கொனமியில் அவசரக் கதவுக்குப் பக்கத்து வரிசையில் இடம் நிறைய இருக்கும், ஆனால் நடக்க முடியாதவர்களை அங்கே இருத்த மாட்டார்கள், அதை நம்ப வேண்டாம்.

கல்லடிப் பெடியன் · திங்கள், பகல் 12.05

டிக்கட் தம்பி, பெரிய உதவி. ஆனால் வீல்செயார் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா, "என்னை நொண்டியாக்கி ஊர் பார்க்கத் தள்ளிக்கொண்டு போகப் போகிறாயா?" என்று எழும்பிவிட்டார். எழும்பியவர் திண்ணையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பிசினஸ் வேண்டாம், வீல்செயாரும் வேண்டாம், மதில் வேண்டும்.

வாழைச்சேனை மச்சான் · திங்கள், பகல் 12.31

கதிரை அகலமானால் சென்னை கிட்ட வருமா என்று என் பெரியப்பா கேட்பார். உங்கள் அப்பாவும் அந்தக் கட்சி.

நிந்தவூர் மாலைதீவுக்காரன் · திங்கள், பின்னேரம் 4.15

நான் மாலேயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் பறப்பில் ஒருநாள் சும்மா பிசினஸில் வந்தேன். அதுவும் ஒன்றரை மணித்தியாலம்தான். எக்கொனமியில் இடத்தைவிடக் கூட டிக்கட் விற்றிருந்தார்கள். வாசலில் என் பெயரைக் கூப்பிட்டதும் வேலை பெர்மிட்டில் ஏதோ பிரச்சினை என்று நெஞ்சு இடித்தது. டிக்கட்டைக் கிழித்துவிட்டு வேறொன்று தந்தார்கள். வரிசை 2.

நான் போட்டிருந்தது ரிசோட்டில் சமையலறைக்குப் போடும் பழைய டீசேர்ட். பக்கத்தில் கோட் போட்ட வெள்ளைக்காரர். பீங்கான் தட்டில் சாப்பாடு, உலோகக் கத்தி முள்ளுக்கரண்டி. ரிசோட்டில் இதே தட்டைத்தான் நாள் முழுக்கக் கழுவுகிறேன், அன்றைக்கு முதல்தடவையாக எனக்கு முன்னால் வைத்தார்கள்.

ஆனால் வினை எங்கே வந்தது தெரியுமா? பிசினஸ்காரரை முதலில் ஏற்றுவார்கள். நான் இருந்த பிறகு பின்னால் போகிற ஆட்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் ஊரார் இரண்டு பேர். ஒருவர் நின்று சலாம் சொல்லிவிட்டுப் போனார். நான் பஸ்ஸில் மஹியங்கனை தாண்ட முன் "அவர் பிசினஸ் கிளாஸில் வருகிறாராம்" என்ற செய்தி நிந்தவூருக்குப் போய்விட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது கடன் கேட்க ஒருவர் காத்திருந்தார். சும்மா கிடைத்தது என்று சொன்னால் இன்றுவரை யாரும் நம்பவில்லை.

ஏறாவூர் காக்கா · திங்கள், பின்னேரம் 4.22

நானும் நம்பவில்லை. ஒரு பத்தாயிரம் இருந்தால் அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற தாதி · திங்கள், இரவு 7.50

ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். 33 வருடம் வார்ட்டில் வேலை செய்தவள். பிள்ளை, எல்லோரும் விமானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது வானைப் பற்றி. ஆகாயத்தைச் சொல்லவில்லை, ஹயர் வானைச் சொல்கிறேன்.

கால் மடித்தபடி மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் காலின் உள் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 4 மணித்தியாலமோ அதற்கு மேலோ இருந்தபடி பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று சொன்னார்கள். விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. சாதாரண ஆளுக்கு அந்த ஆபத்து மிகச் சிறிது. ஆனால் முழங்கால் ஒப்பரேஷன் செய்து சில கிழமைகளே ஆன 71 வயதுக்காரர் சாதாரண ஆள் இல்லை.

இப்போது பாருங்கள், 80 நிமிட விமானம் அந்த 4 மணித்தியாலக் கோட்டுக்குக் கிட்டவும் வராது. கட்டுநாயக்கவிலிருந்து கல்லடி வரைக்கும் வானில் 7 மணித்தியாலம்! பிசினஸ் கதிரை தேவைப்படுவது அங்கேதான், அங்கே அதை விற்கிறவர் யாரும் இல்லை.

ஆகவே வரும்போது பெரிய வானாகப் பிடியுங்கள். நடுவரிசை முழுவதும் அப்பாவுக்கு, காலை நீட்டி ஒரு தலையணைக்கு மேல் வைக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிறுத்தி, ஊன்றுகோலோடு பத்து அடி நடக்க விடுங்கள். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். ஒப்பரேஷன் செய்த டொக்டரிடம் எத்தனை நாளில் பறக்கலாம், இரத்தம் உறையாத மருந்து வழிக்கு வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விமானத்திலும் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள்.

வீல்செயாருக்கு அப்பா சம்மதிக்காவிட்டால் ஒரு வழி சொல்கிறேன், வார்ட்டில் எத்தனையோ பேரிடம் பலித்தது. அம்மாவுக்கும் ஒன்று போடுங்கள். "அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, அவ தனியே இருக்கக் கூச்சப்படுகிறா, நீங்களும் பக்கத்தில் ஒன்றில் இருங்கள்" என்று சொல்லுங்கள்.

பாடுமீன் · திங்கள், இரவு 9.02

இந்த ஏழு மணித்தியாலக் கதையைப் படிக்கும்போதுதான் வயிறு எரிகிறது. வரைபடத்தில் நூல் பிடித்துப் பாருங்கள். கட்டுநாயக்கவிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 640 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து சுமார் 610. நாம்தான் சென்னைக்குக் கிட்ட இருக்கிறோம்! கிட்ட இருந்துகொண்டு, நாட்டைக் குறுக்கே கடந்து மற்றக் கரைக்குப் போய், அங்கிருந்து கூடுதல் தூரம் பறக்கிறோம்.

ஓடுபாதை இல்லாத ஊருமல்ல. வாவிக்கரையில் இருப்பது 1958 முதல் இருக்கிறது. எயார் சிலோன் என்ற பழைய விமான கம்பனியின் காலத்தில் டகோட்டா விமானம் வந்து போனதை என் மாமா கதைகதையாகச் சொல்வார். பிறகு விமானப்படையிடம் போய், 2018இல் பொதுமக்கள் விமானங்களுக்குத் திறந்தார்கள். சர்வதேசம் என்று பெயர்ப்பலகையும் இருக்கிறது. ஆனால் நான் ஏறியது ஒரே ஒரு தடவை, எட்டுப் பேர் போகும் செஸ்னா கரவானில், கொழும்புப் பக்கம். ஒற்றை இயந்திரம், உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது, ஆகவே தாழப் பறக்கும். வயலும் குளமும் மின்னேரியாக் காடும் கைக்கெட்டும் தூரத்தில். அதில் வகுப்பும் கிடையாது, திரைச்சீலையும் கிடையாது, ஓட்டுகிறவரின் தோள் தெரியும்.

டிக்கட் தம்பி · திங்கள், இரவு 9.20

யாழ்ப்பாணத்துப் பலாலியைப் பற்றியும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். அது 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். 72 வருகிறது. விசிறி சுழலும் விமானம், பிசினஸ் கிடையாது. ஆனால் பக்கத்துக்கு இரண்டு கதிரைதான், நடுக்கதிரை என்ற தொல்லையே இல்லை. மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணம் போகவும் ஏறத்தாழ அதே நேரம் தெருவில் போகும். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருந்தால் ஒருநாள் தங்கிப் போகலாம், இல்லாவிட்டால் லாபமில்லை. முதல் எயார் சிலோன் பறப்பே 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் போனது. வடக்குக்கு அந்தப் பாதை திரும்பக் கிடைக்க இவ்வளவு காலம்.

சம்மாந்துறை டீச்சர் · செவ்வாய், காலை 6.40

மகளின் கல்யாணப் புடைவை எடுக்கப் போனபோது நானும் மருமகனும் திரும்பி வர பிசினஸ் எடுத்தோம். கதிரைக்காக அல்ல, கிலோவுக்காக. என் டிக்கட்டில் எக்கொனமிக்கு 30 கிலோ, பிசினஸுக்கு 40. பட்டுப்புடைவை பார்க்க மெல்லிசாக இருக்கும், பெட்டியில் போட்டால் கல். கூடுதல் கிலோவுக்கு அவர்கள் கேட்ட காசையும் வகுப்பு மாற ஏலத்தில் கேட்ட காசையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் போட விடமாட்டார்கள், தூக்குகிறவரின் முதுகுக்காக. இரண்டாகப் பிரியுங்கள்.

போகும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். சென்னையில் தங்கும் வீட்டுக்கு எருமைத் தயிர் கொண்டுபோக ஆசைப்பட்டு, பெட்டிக்குள் வைத்தால் சட்டி உடையும் என்று கைப்பையில் வைத்தேன். பரிசோதனையில் பிடித்துவிட்டார்கள். 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கூடாதாம். "இது திரவமில்லை மகன், கவிழ்த்தாலும் விழாது" என்று சட்டியைச் சாய்த்தே காட்டினேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, "டீச்சர், விழாதது உண்மைதான், சட்டம் விழுத்திவிட்டது" என்றார். அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்னும் புரியவில்லை.

வாழைச்சேனை மச்சான் · செவ்வாய், காலை 7.15

குரலில் தெரிந்திருக்கும்.

கல்லடிப் பெடியன் · செவ்வாய், இரவு 8.30

முடிவு எடுத்தாயிற்று. போகும்போது மூன்று பேரும் எக்கொனமி. முதல் நாளே பகலில் வெளிக்கிட்டு, காக்கா சொன்னபடி நீர்கொழும்பில் ஓர் அறை. வரும்போது அப்பாவும் அம்மாவும் பிசினஸ், நான் பின்னால். டிக்கட் எல்லாம் திகதி மாற்றக்கூடியது. வீல்செயார் இரண்டு. தாதி அம்மா சொன்ன பொய்யை அப்படியே சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவளுக்காக என்றால் சரி" என்றார். அம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தா.

கல்லடிப் பெடியன் · ஏழு கிழமைக்குப் பிறகு, சனி, காலை 10.05

வந்து சேர்ந்துவிட்டோம். கால் நன்றாக இருக்கிறது. பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

போன பயணத்தில் சொல்ல அதிகம் இல்லை. அறையில் தூங்கி எழுந்து போனதால் அப்பா நல்ல முகத்தோடு இருந்தார். வீல்செயாரில் முதல் ஐந்து நிமிடம் ஊரார் யாரும் நிற்கிறார்களா என்று தலையைக் குனிந்தபடி பார்த்தார். குடிவரவில் நீண்ட வரிசையைத் தாண்டிப் பக்கத்து வழியால் போனதும் தலை நிமிர்ந்தது. சென்னையில் இறங்கியபோது தள்ளும் தம்பி வர இரண்டு நிமிடம் சுணங்கியதற்கு, "எங்கே என்ர ஆள்?" என்று அவரே கேட்கிறார். எக்கொனமியில் நடைபாதைக் கதிரை எடுத்து வலது காலைக் கொஞ்சம் வெளியே விட்டிருந்தார். 80 நிமிடம் தாக்குப்பிடித்தது.

திகதி விஷயத்தில் டிக்கட் தம்பிக்குக் கோயில் கட்ட வேண்டும். டொக்டர் ஒன்பது நாள் பிந்தித்தான் பறக்க விட்டார். விலை வித்தியாசம் மட்டும் கட்டினோம்.

இனி பிசினஸ். அப்பாவுக்கு முதல் வரிசை தந்தார்கள். முதல் வரிசை என்றால் நல்லது என்று நினைத்தேன், இல்லை. முன்னால் சுவர். இரண்டாம் வரிசையில் முன் கதிரைக்குக் கீழே காலை நுழைத்து முழுக்க நீட்டலாம், முதல் வரிசையில் சுவரில் பாதம் முட்டுகிறது. கால் தாங்கியும் அந்தக் கதிரையில் பாதிக்கு மேல் எழும்பவில்லை, பழுது. அந்தக் காசுக்கு இது அநியாயம் என்று நான் முறையிட்டேன். பணிப்பெண் மன்னிப்புக் கேட்டு, இரண்டாம் வரிசையில் இருந்த ஒருவரைக் கேட்டு இடம் மாற்றித் தந்தார். ஊன்றுகோல்களைக் கிளம்பும்போதும் இறங்கும்போதும் மேலே வைத்துவிடுவார்கள், பயப்பட வேண்டாம், கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அப்பா பெல்ட் போட்டு ஐந்து நிமிடத்தில் நித்திரை. துவாய் வந்தது, ஜூஸ் வந்தது, சாப்பாடு வந்தது, ஒன்றும் தெரியாது. அம்மா தன் தட்டைச் சாப்பிட்டு, அப்பாவின் தட்டில் இருந்த கேக்கைத் துடைப்பானில் சுற்றிக் கைப்பையில் வைத்தா. கட்டுநாயக்கவில் சில்லு ஓடுபாதையில் இடித்தபோது கண் விழித்து, "சாப்பாடு எப்போது தருவார்கள்?" என்று கேட்டார். மனிதர் அந்த 80 நிமிடம் முழுக்கக் காலை நீட்டித் தூங்கியது, ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் வலியில்லாமல் தூங்கிய முதல் நீண்ட தூக்கம். காக்கா, அந்தக் கணக்கில் எனக்குக் கவலையில்லை.

அவர்கள் இருவருக்கும் பெட்டி முதலில் வந்தது. ஆனால் என் பெட்டி எக்கொனமி. எல்லோரும் எனக்காக 25 நிமிடம் நின்றோம்.

வான் பயணம் தாதி அம்மா சொன்னபடிதான். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, வெலிக்கந்தை என்று நாலு இடத்தில் நிறுத்தி நடக்க விட்டேன். ஹபரணையில் தேத்தண்ணிக் கடைக்காரர் அப்பாவுக்கு ஒரு கதிரையும் காலுக்கு ஒரு வாங்கும் போட்டுத் தந்தார், காசு கேட்கவில்லை. கல்லடிப் பாலம் ஏறும்போது விடிந்துகொண்டிருந்தது. கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, மறுநாள் வற்றிவிட்டது.

அக்கா கனடாவிலிருந்து கோல் எடுத்து, "பிசினஸ் எப்படி அப்பா?" என்று கேட்டார். "பரவாயில்லை. ஆனால் நம்மட சாய்மனைக் கதிரைக்குக் கிட்ட வராது" என்று பதில்.

ஓய்வுபெற்ற தாதி · சனி, காலை 11.30

வீக்கம் வற்றியது நல்லது பிள்ளை. கெண்டைக்கால் நோகிறது, சூடாக இருக்கிறது என்று சொன்னால் சுணங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பயணம் முடிந்து சில கிழமைக்கும் கவனம்.

ஏறாவூர் காக்கா · சனி, பகல் 12.10

அல்ஹம்துலில்லாஹ். சரி, மதில் என்ன ஆயிற்று?

கல்லடிப் பெடியன் · சனி, பகல் 12.26

போகும்போது எக்கொனமி எடுத்ததில் மிஞ்சிய காசை அக்கா திருப்பி வாங்கவில்லை. நேற்று ஒரு லோட் கல் பறித்தாயிற்று, முன்பக்கத்துக்கு மட்டும். அப்பா சாய்மனைக் கதிரையை விறாந்தை ஓரத்துக்கு இழுத்துப் போட்டு, காலை நீட்டியபடி மேசனுக்கு நூல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மேசன் இரண்டு தடவை தேத்தண்ணிக்குப் போய்விட்டார்.